பாடும் பறவைகளில் ஆண் எது, பெண் எது: இறகையும் குரலையும் வைத்துப் பிரித்தறிவது எப்படி

பளிச்சென்று இருப்பது ஆண், மங்கலாக இருப்பது பெண். பாடுவது ஆண், பாடாதது பெண். பறவை பார்க்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் கிடைக்கும் பாடம் இதுதான். இதில் பாதியைத்தான் நம்பலாம். முழு நிறம் ஏறிய ஊதாத் தேன்சிட்டைப் பார்த்து ‘ஆண்’ என்று எழுதினால் தவறாது. அதே இனத்தில் மங்கலான ஒன்றைப் பார்த்ததும் ‘பெண்’ என்று எழுதினால் பல மாதங்களில் தவறிப்போகும். அது பெண்ணாக இருக்கலாம், இந்த ஆண்டு பொரித்த ஆண் குஞ்சாக இருக்கலாம், இனப்பெருக்கக் காலம் முடிந்து நிறத்தை உதிர்த்துவிட்ட முதிர்ந்த ஆணாகவும் இருக்கலாம்.

அதனால் குறிப்பேட்டில் ‘ஆண்’, ‘பெண்’ என்ற இரண்டு கட்டங்கள் போதாது. ‘பெண் தோற்றம்’ என்று மூன்றாவது ஒன்றும் வேண்டும். மங்கலான பறவை எதுவானாலும் முதலில் அந்தக் கட்டத்தில்தான் விழ வேண்டும். வேறு ஆதாரம் கிடைத்த பிறகே அதைப் ‘பெண்’ கட்டத்துக்கு மாற்ற வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே பாதிப் பிழைகள் நின்றுவிடும்.

முதலில் இனம், அப்புறம்தான் பால்

இனம் தவறினால் பாலும் தவறும். ஊதாத் தேன்சிட்டின் பெண்ணும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் பெண்ணும் ஒரே பூங்கொத்தில் தொங்கும்போது இரண்டும் ‘மஞ்சள் வயிற்றுச் சிறு பறவை’தான். தொண்டையைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். ஊதாப்பிட்டுப் பெண்ணுக்குத் தொண்டை சாம்பல் கலந்த வெள்ளை, மார்பிலிருந்துதான் மஞ்சள் தொடங்கும். ஊதாத் தேன்சிட்டின் பெண்ணுக்கு மஞ்சள் தொண்டையிலேயே தொடங்கிவிடும். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் ஆண் ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒரே இறகு உடையில் இருக்கும். ஊதாத் தேன்சிட்டின் ஆண் உடை மாற்றும். ஆகவே இனத்தை உறுதி செய்யாமல் ‘இந்தக் காலத்தில் ஆண் எப்படி இருக்கும்’ என்று கேட்பதில் பொருளில்லை.

இனம் உறுதியானதும் அது எந்த வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள். சில இனங்களில் முதிர்ந்த ஆணும் பெண்ணும் எந்த மாதத்திலும் வேறுபட்டே தெரியும்: சிட்டுக்குருவி, குண்டுக்கரிச்சான், கருஞ்சிட்டு, மின்சிட்டுகள். சிலவற்றில் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் ஆண் வேறாகத் தெரியும்: தூக்கணாங்குருவி, ஊதாத் தேன்சிட்டு. சிலவற்றில் ஆணுக்கு முழு உடை வர இரண்டு, மூன்று ஆண்டு பிடிக்கும்: மாங்குயில், அரசவால் ஈப்பிடிப்பான். மற்றவற்றில் நம் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது: கொண்டைக்குருவி, நாகணவாய், தவிட்டுக்குருவி, இரட்டைவால் கரிச்சான். இந்தக் கடைசி வகையில் நிறத்தைப் பார்த்துப் பால் சொல்பவர் ஊகிக்கிறார், அவ்வளவுதான்.

பார்க்கும் முறை

8×42 இருநோக்கி (8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.) இந்த வேலைக்குப் போதும். 10 மடங்கு பெரிதாக்குவது கொப்புக்குக் கொப்பு தாவும் சிறு பறவையைத் தொடர்வதற்குக் கைநடுக்கத்தால் தொல்லை தரும். கருவியைவிட வெயிலின் திசை முக்கியம். தேன்சிட்டின் ஊதாவும் பச்சையும் சாயத்தால் வருபவை அல்ல. இறகின் நுண்கிளைகளில் உள்ள மெல்லிய அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வருபவை. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் பறவை மின்னும். சூரியன் பறவைக்குப் பின்னால் இருந்தால் அதே ஆண் வெறும் கறுப்பாகத் தெரியும். கருஞ்சிட்டு, கரிச்சான், தேன்சிட்டு மூன்றும் ஒரே நிழலுருவாகிவிடும். அந்த நிலையில் பால் மட்டுமல்ல, இனத்தையே எழுதக் கூடாது. பத்தடி நகர்ந்து நின்று மறுபடி பாருங்கள்.

பறவையை மொத்தமாகப் பார்த்து ‘அழகாக இருக்கிறது’ என்று முடிவுக்கு வராமல், ஒவ்வோர் இடமாகப் பாருங்கள். வரிசை இது:

1. மோவாய், தொண்டை, மார்பின் நடுக்கோடு. பருவம் மாறும் ஆண் முதலில் காட்டிக்கொடுப்பது இங்கேதான்.
2. மடக்கிய சிறகு: கறுப்பா, பழுப்பா? தோளில் பட்டை உண்டா?
3. வால்: நிறம், நடு இறகின் நீளம்.
4. அலகு: நிறமும், வாய் மூலையும். மூலையில் மஞ்சள் தடிப்பு தெரிந்தால் அது குஞ்சு. அத்தோடு பால் பற்றிய கேள்வியை நிறுத்திவிடலாம்.
5. கண்வளையம், வாலடி.

உச்சித் தலையை இந்த வரிசையில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. பூவில் தலை நுழைத்துத் தேன் குடிக்கும் பறவைகளின் நெற்றியில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் நெற்றியோடு தெரியும் தேன்சிட்டு புது இனமும் அல்ல, புது உடையும் அல்ல. தலையைத் தனியாக நம்பாமல் மற்ற இடங்களோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கிட்டத்தில் பார்த்தால்

சிட்டுக்குருவி எல்லோருக்கும் தெரிந்த பறவை என்பதால் பயிற்சிக்கு மிக நல்லது. ஆணுக்கு உச்சி சாம்பல், கண்ணுக்குப் பின்னிருந்து பிடரி வரை செம்பழுப்பு, கன்னம் வெளிர், தொண்டையில் கறுப்புப் பட்டை. பெண்ணுக்குத் தொண்டையில் ஒன்றுமில்லை. கண்ணுக்குப் பின்னால் வெளிர் மஞ்சள்பழுப்பில் ஒரு கோடு ஓடும். இதுவரை எளிது. ஆனால் இறகுதிர்த்துப் புது இறகு முளைத்த ஆணைப் பார்த்தால் கறுப்புப் பட்டை காணாமல் போனது போலிருக்கும். உண்மையில் போகவில்லை. புது இறகுகளின் நுனி சாம்பலாக இருப்பதால் கறுப்பு அதற்கடியில் மறைந்திருக்கிறது. மாதங்கள் செல்லச் செல்ல நுனி தேய்ந்து, இனப்பெருக்கக் காலம் வரும்போது கறுப்பு முழுதாக வெளியே வரும். அதாவது இந்த ஆண் ‘நிறம் மாறுவது’ புது இறகு முளைப்பதால் அல்ல, பழைய இறகு தேய்வதால். அலகு வேறு கதை. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் அலகு கறுக்கும், மற்ற நாளில் வெளிர்ந்துவிடும். இது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் வேலை. ஆகவே மங்கிய பட்டையும் வெளிர் அலகும் இருந்தால் ‘ஆண், இனப்பெருக்கக் காலம் அல்லாத நிலை’ என்று எழுதலாம். பட்டையும் கறுத்த அலகும் சேர்ந்திருந்தால் கூடு அருகிலேயே இருக்க வாய்ப்பு அதிகம்.

ஊதாத் தேன்சிட்டு ஆண் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பெண்ணைப் போன்ற உடைக்கு மாறிவிடும்: மேலே ஆலிவ் பழுப்பு, கீழே மஞ்சள். அப்போது மோவாயிலிருந்து வயிறு வரை மை தீற்றியது போல ஒரு கருங்கோடு இறங்கும். பெண்ணுக்கு அந்தக் கோடு கிடையாது. கோட்டைப் பார்க்க முடியாதபடி பறவை முதுகைக் காட்டிக்கொண்டிருந்தால் சிறகைப் பாருங்கள். ஆணின் சிறகு கருமை தட்டியது, பெண்ணின் சிறகு பழுப்பு. இரண்டு உடைக்கும் நடுவே இருக்கும் ஆண் திட்டுத் திட்டாக, நோய் கண்டது போல அலங்கோலமாக இருக்கும். அது நோயல்ல, இறகுதிர்ப்பு.

தூக்கணாங்குருவியில் கருணை குறைவு. கூடு கட்டும் பருவத்தில் ஆணுக்கு மஞ்சள் உச்சி, கரும்பழுப்பு முகமூடி, மஞ்சள் மார்பு. பெண் சிட்டுக்குருவிப் பெண் போலக் கோடுபோட்ட பழுப்பு. பருவம் முடிந்தால் ஆணும் அதே பழுப்புக்கு வந்துவிடும். வயலில் நூறு பறவை கூட்டமாக இறங்கினால் ‘தூக்கணாங்குருவி, பெண் தோற்றம், 100’ என்று எழுதுவதே நேர்மை. கூட்டுக் காலத்தில் மட்டும் நடத்தை கைகொடுக்கும். இலைக் கீற்றைக் கிழித்துக் கொண்டுவந்து பின்னுவதும், பாதி முடிந்த கூட்டில் தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்துக் கத்துவதும் ஆண். வந்து கூட்டுக்குள் நுழைந்து சோதிப்பது பெண்.

குண்டுக்கரிச்சானில் ஆணுக்கு எங்கெல்லாம் பளபளக்கும் கருநீலமோ அங்கெல்லாம் பெண்ணுக்குச் சாம்பல். மரநிழலில் இந்த இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மார்பின் கருமை வயிற்றின் வெண்மையைத் தொடும் எல்லையைப் பாருங்கள்: ஆணுக்கு அது கத்தியால் வெட்டியது போலிருக்கும், பெண்ணுக்குச் சாம்பலுக்கும் வெள்ளைக்கும் இடையே அவ்வளவு முரண் இருக்காது. ஒரு எச்சரிக்கை: இலங்கையில் உள்ள கிளையினத்தில் பெண்ணின் நிறமும் ஆணுக்கு மிக நெருங்கிய கருமை. ஒரு வட்டாரத்தில் கற்றுக்கொண்ட அளவுகோல் இன்னொரு வட்டாரத்தில் செல்லாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. செதில் செதிலாகப் பழுப்பு மார்போடு தெரிவது குஞ்சு.

மாம்பழச்சிட்டுக்கு வால் போதும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு உச்சியும் முதுகும் கறுக்கலாம், பிறகு பச்சைக்குத் திரும்பலாம். ஆனால் முதிர்ந்த ஆணின் வால் எப்போதும் கறுப்பு, பெண்ணின் வால் பச்சை.

கருஞ்சிட்டு எளிது: ஆணுக்குக் கரும் உடலில் தோளோரம் வெள்ளைக் கீற்று, பறக்கும்போது பளிச்சிடும்; பெண் பழுப்பு, சிறகில் வெள்ளை கிடையாது. மின்சிட்டுகளில் ஆணின் சிவப்பு அல்லது ஆரஞ்சு இருக்குமிடத்தில் பெண்ணுக்கு மஞ்சள். இவற்றில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

முழு உடை தாமதமாக வரும் இனங்களில்தான் பழகியவர்களும் தடுக்கி விழுகிறார்கள். மாங்குயில் ஆண் பொன்மஞ்சளும் கறுப்புமாக இருக்கும். பெண் பச்சை கலந்த மஞ்சள், வயிற்றில் கோடுகள். இளம் ஆணும் அப்படியேதான். போதாக்குறைக்கு வயது முதிர்ந்த பெண்ணும் ஓரளவு மஞ்சளேறிவிடும். அதனால் பச்சை மஞ்சள் மாங்குயில் ஒன்றைப் பெண் என்று எழுத, ஆணோடு சேர்ந்து கூட்டில் இருப்பதைப் பார்த்திருக்க வேண்டும். அரசவால் ஈப்பிடிப்பானில் ஆணின் நடுவாலிறகு 30 செ.மீ. வரை நீளும். செம்பழுப்பு நிற ஆணும் உண்டு, தூய வெள்ளை ஆணும் உண்டு, இரண்டுமே முதிர்ந்தவைதான். குட்டைவாலோடு செம்பழுப்பாக இருப்பது பெண்ணா இளம் ஆணா என்பதற்குத் தொண்டையைப் பாருங்கள். சாம்பல் தொண்டை என்றால் பெண். கறுத்த தொண்டையும் தெளிவான நீலக் கண்வளையமும் சேர்ந்திருந்தால் வால் நீளாத இளம் ஆண்.

சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் ஆகியவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பல இனங்களில் இவை உணவிலிருந்து வரும் கரோட்டினாய்டு நிறமிகள். அமெரிக்காவின் ஹவுஸ் ஃபின்ச் ஆண்களில் ஒன்று சிவப்பாகவும் அடுத்தது ஆரஞ்சாகவும் இன்னொன்று மஞ்சளாகவும் இருக்கும். இறகு முளைத்த காலத்தில் என்ன தின்றது என்பதே பெரிய காரணம். கறுப்பும் பழுப்பும் மெலனின், உடலே செய்துகொள்வது. ஆகவே ‘சிவப்பு குறைவு, எனவே பெண்’ என்ற வாதம் பலவீனம். ‘தொண்டைக் கறுப்பு இல்லை, எனவே ஆணல்ல’ என்பது அதைவிட வலுவானது.

ஒரே மாதிரி தெரியும் இனங்கள்

நமக்கு ஒரே மாதிரி தெரிவது பறவைக்கும் அப்படியே தெரியும் என்று நினைக்க வேண்டாம். பறவைகள் புற ஊதா ஒளியையும் பார்க்கும். ஆணும் பெண்ணும் ஒன்றுபோலத் தெரியும் என்று கருதப்பட்ட 139 பாடும் பறவை இனங்களின் இறகுகளைக் கருவியால் அளந்து 2005இல் வெளியான ஆய்வு ஒன்றில், 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் பறவைக் கண்ணுக்கு வேறுபாடு தெரியும் என்று கண்டார்கள். ஐரோப்பாவின் நீலப் பட்டாணிக்குருவியின் உச்சி நமக்கு வெறும் நீலம். புற ஊதாவில் ஆணின் உச்சி பெண்ணுடையதைவிடத் தெளிவாக ஒளிரும். நம்மிடம் அந்தக் கண் இல்லை, எனவே வேறு வழி தேட வேண்டும்.

சிலவற்றில் நுணுக்கமான அடையாளம் உண்டு. பட்டாணிக்குருவியின் மார்பு வழியே இறங்கும் கருங்கோடு ஆணுக்கு அகலம், கால்களுக்கிடையே வரும்போதும் பரந்தே இருக்கும். பெண்ணுக்கு அது மெலிந்துகொண்டே போகும். கீழிருந்து அண்ணாந்து பார்க்கும்போது இது நன்றாகத் தெரியும். தையல்சிட்டு ஆணுக்கு இனப்பெருக்கக் காலத்தில் வாலின் நடு இறகுகள் இரண்டு ஊசி போல நீளும். பருவம் முடிந்தால் அந்த அடையாளமும் போய்விடும்.

அடையாளமே இல்லாத கொண்டைக்குருவி, நாகணவாய் போன்றவற்றில் நடத்தைதான் சாட்சி. புணரும்போது மேலே இருப்பது பெரும்பாலும் ஆண். இணைக்கு இரை ஊட்டும் இனங்களில் ஊட்டுவது ஆண், சிறகை நடுக்கிக் குஞ்சு போலக் கெஞ்சி வாங்குவது பெண். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கூட்டை விட்டு வெளிவந்த குஞ்சும் அப்படித்தான் கெஞ்சும். கெஞ்சும் பறவையின் வாய் மூலையில் மஞ்சள் தடிப்பு இல்லை என்று பார்த்துவிட்டே ‘பெண்’ என்று எழுதுங்கள்.

அடைகாப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தேன்சிட்டிலும் தூக்கணாங்குருவியிலும் அடைகாப்பது பெண். அரசவால் ஈப்பிடிப்பானில் ஆணும் கூட்டில் அமரும், நீண்ட வால் கூட்டுக்கு வெளியே தொங்க. உருவ அளவையும் நம்ப வேண்டாம். பல இனங்களில் ஆண் சற்றுப் பெரிது என்றாலும், பெரிய பெண்ணும் சிறிய ஆணும் ஒரே அளவில் வந்து நிற்கும்.

உரிமம் பெற்று வலைபோட்டு வளையமிடுபவர்களுக்கு இன்னும் இரண்டு சான்றுகள் கையில் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் வயிற்று இறகை மெல்ல ஊதி விலக்கினால் பெண்ணுக்கு இறகற்ற, ரத்தநாளம் பரவிய அடைகாப்புத் திட்டு தெரியும்; ஆணுக்கு வாலடியில் உள்ள கழிவுத் துளையான புழை புடைத்து நிற்கும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஏனென்றால் அடைகாக்கும் ஆணுக்கும் சில இனங்களில் அரைகுறைத் திட்டு உண்டாகும். மற்றவர்கள் இதற்காகப் பறவையைப் பிடிக்கக் கூடாது. பல நாடுகளில் காட்டுப் பறவையைப் பிடிப்பது சட்டப்படியே குற்றம்.

குரல்: பாடுவது யார்?

முதலில் பாட்டையும் அழைப்பையும் பிரித்துக்கொள்ளுங்கள். அழைப்பு குறுகியது, ஒன்றிரண்டு அசை. எச்சரிக்கை, தொடர்பு, இரை கேட்டல் எல்லாம் இதில் வரும், இருபாலும் கொடுக்கும். பாட்டு நீண்டது, ஒழுங்குள்ளது, ஒரே கொப்பில் அமர்ந்து திரும்பத் திரும்ப வருவது. ‘குரல் கேட்டது’ என்று மட்டும் எழுதினால் பால் பற்றி அது எதையும் சொல்வதில்லை. எது கேட்டது என்று எழுதுங்கள்.

பெண் பாடாது என்ற எண்ணம் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளிலிருந்து பரவியது. அங்கே வலசை வரும் பல இனங்களில் இளவேனிலில் ஆண் வந்து இடம் பிடித்துப் பாடும், பெண் பிறகு வந்து சேரும். அந்தப் படமே உலகத்துக்கெல்லாம் பொது என்று ஆகிவிட்டது. 2014இல் வெளியான ஒப்பாய்வில் 323 பாடும் பறவை இனங்களைப் பார்த்தபோது 71 சதவீதத்தில் பெண்ணும் பாடியது. பாடும் பறவைகளின் பொது மூதாதையிலேயே இருபாலும் பாடியிருக்க வேண்டும், பிற்பாடு சில கிளைகளில் பெண் பாட்டை இழந்தது என்பது அந்த ஆய்வின் முடிவு. ஆண்டு முழுதும் இணையாக ஒரே எல்லையைக் காக்கும் வெப்பமண்டல இனங்களில் பெண் பாட்டு சாதாரணம்.

வட நாட்டிலும் விதிவிலக்கு உண்டு. ஐரோப்பிய ராபினில் குளிர்காலத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனி எல்லை பிடிக்கும், இரண்டும் பாடும். போதாக்குறைக்கு இருவருக்கும் மார்பு ஒரே செம்மை. அமெரிக்காவின் செந்நிறக் கார்டினலில் பெண் கூட்டில் அமர்ந்தபடியே பாடும். குண்டுக்கரிச்சானில் விடியலில் உச்சிக் கொப்பில் நின்று பொழிவது ஆண்தான், ஆனால் ஆண் அருகிருக்கும்போது பெண்ணும் சில வேளை சிறிது பாடும்.

குயிலை இங்கே நுழைக்க வேண்டாம். குயில் இந்தப் ‘பாடும் பறவை’ குழுவைச் சேர்ந்ததே அல்ல. ‘கூவூ’ என்று ஏறிக்கொண்டே போகும் குரல் கறுப்பு ஆணுடையது. வெண்புள்ளி போட்ட பழுப்புப் பெண் ‘கிக்-கிக்-கிக்’ என்று கத்தும், அவ்வளவே.

இனி, குரலை வைத்துப் பால் சொல்வதற்கான வேலை முறை.

பாடும் பறவையைக் கண்ணால் பார்த்து, அலகு அசைவதை உறுதி செய்யுங்கள். கொப்பில் ஆண் தெரிகிறது, அந்தப் பக்கமிருந்து பாட்டு வருகிறது, எனவே ஆண் பாடுகிறது என்ற தர்க்கத்தால்தான் பெண்ணின் பாட்டு நூற்றாண்டுகளாக ஆண் கணக்கில் எழுதப்பட்டது. இலைக்குள் மறைந்திருக்கும் இணை பாடியிருக்கலாம். பெண் பல இனங்களில் கூட்டருகே, தாழ்ந்த புதரில், குறைந்த ஒலியில் பாடும். உச்சிக் கொப்பையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது கிடைக்காது.

ஒரே பாட்டு போலக் கேட்பது இரண்டு பறவையின் வேலையாக இருக்கலாம். வெண்புருவச் சிலம்பன் இணைகள் இப்படித்தான்: ஒன்று குமிழியிட்டது போலத் தொடங்க, மற்றது நொடிக்குள் பதில் சேர்க்கும். இடைவெளியே தெரியாது. கண்டுபிடிக்க எளிய வழி, நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றுவது. பக்கவாட்டில் இருபது முப்பது அடி நகர்ந்து கேளுங்கள். தொடக்கமும் முடிவும் வெவ்வேறு திசையிலிருந்து வந்தால் இரண்டு பறவைகள். ஸ்டீரியோ பதிவு இருந்தால் காதொலிப்பானில் இடமும் வலமுமாகப் பிரிந்து கேட்கும்.

பதிவு செய்யும்போது எம்பி3 வேண்டாம், டபிள்யூஏவி கோப்பாக, 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸில் எடுங்கள். கைபேசியில் ஒலியளவைத் தானாகக் கூட்டிக்குறைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மெல்லப் பாடியதும் உரக்கப் பாடியதும் பதிவில் ஒரே அளவாகிவிடும். குறைந்தது இரண்டு நிமிடம் விடாமல் எடுங்கள். முடிவில் நீங்களே பேசிப் பதிவு செய்யுங்கள்: இனம், நேரம், தூரம், ‘பாடுவதைப் பார்த்தேன்’ அல்லது ‘பார்க்கவில்லை’. இந்தக் கடைசிச் சொல் இல்லாத பதிவு பால் ஆய்வுக்கு உதவாது. பிறகு ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் ஒலிவரைபடமாக விரித்து, ஒரே இனத்தின் உறுதியான ஆண் பதிவோடு ஒப்பிடுங்கள்: அசைகளின் எண்ணிக்கை, நீளம், மேல்கீழ் அதிர்வெண். குரலைக் கேட்டுப் பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி இனத்தின் பெயரைத்தான் சொல்லும். ஆணா பெண்ணா என்று சொல்லாது.

ஒலிபெருக்கியில் பாட்டை ஒலிக்கவிட்டு ‘யார் வருகிறார்’ என்று பார்ப்பது கெட்ட வழி. எல்லை காக்க இருபாலும் வரும் என்பதால் விடை கிடைக்காது. கூட்டுக் காலத்தில் பறவை அடையை விட்டு எழுந்து வந்து சக்தியை வீணாக்குவதுதான் மிச்சம்.

மெல்லிய, ஒழுங்கில்லாத முணுமுணுப்பு கேட்டால் அதைப் பெண் பாட்டு என்று எழுதிவிடாதீர்கள். இளம் ஆண் பாட்டுக் கற்கும்போது மாதக்கணக்கில் அப்படித்தான் உளறும். பருவம் தொடங்குமுன் முதிர்ந்த ஆணும் முணுமுணுத்துப் பார்க்கும்.

கூண்டில் வளரும் ஃபின்ச், கேனரி

வளர்ப்புப் பறவைகளில் கேள்வி ஒன்றுதான்: இது ஆணா, பெண்ணா, எப்போது தெரியும்? ஜீப்ரா ஃபின்ச்சில் இயல்பு நிற ஆணுக்கு ஆரஞ்சுக் கன்னம், மார்பில் கருவரிகள், விலாவில் வெண்புள்ளி போட்ட செம்பழுப்பு. பெண்ணுக்கு இவை ஒன்றும் கிடையாது. குஞ்சின் அலகு கறுப்பு. ஏறக்குறைய 60 நாளில் உடையும் அலகும் தெளிவாகும், 90 நாளில் ஆணின் பாட்டு உறுதியாகி அதன்பின் மாறாது. முழு வெள்ளை வகையில் கன்னமும் வரியும் இருக்காது, அலகைத்தான் பார்க்க வேண்டும்: ஆணுக்கு ஆழ்ந்த சிவப்பு, பெண்ணுக்கு ஆரஞ்சு. இரண்டு பறவையைப் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். மஞ்சள் விளக்கொளியில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இந்த இனத்தில் பெண் பாடவே பாடாது. காரணம் மூளையில் இருக்கிறது. ஃபெர்னாண்டோ நோட்டபோமும் ஆர்தர் அர்னால்டும் 1976இல் காட்டியபடி, பாட்டை இயக்கும் மூளைப் பகுதிகள் ஆண் ஜீப்ரா ஃபின்ச்சிலும் கேனரியிலும் பெண்ணைவிடப் பல மடங்கு பெரியவை. முதிர்ந்த கேனரிப் பெண்ணுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் பாடத் தொடங்கும், ஜீப்ரா ஃபின்ச் பெண் அப்போதும் பாடாது. ஆகவே ‘பாடியது, எனவே ஆண்’ என்பது ஜீப்ரா ஃபின்ச்சில் உறுதி. கேனரியில் அவ்வளவு உறுதியில்லை. சில கேனரிப் பெண்கள் துண்டு துண்டாகப் பாடும். தொண்டை புடைக்க, இடைவிடாமல், நாளுக்கு நாள் அதே வரிசையில் நீண்டு வந்தால்தான் ஆண். முழுப் பாட்டு உறுதிப்பட ஏழெட்டு மாதமாவது ஆகும். மூன்று மாதக் குஞ்சின் கிசுகிசுப்பை வைத்து வாங்குவதும் விற்பதும் சூதாட்டம்.

பெங்காலி ஃபின்ச்சில் உடையில் வேறுபாடே இல்லை. பாடுவது ஆண் மட்டும். சோதிக்கும் முறை: ஒவ்வொன்றையும் தனிக் கூண்டில், மற்றவற்றின் குரல் கேட்கும்படி ஆனால் முகம் தெரியாதபடி வையுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்து ஒன்றின் முன் இன்னொன்றை விடுங்கள். ஆண் வயிற்றிறகை விரித்து, கொப்பில் துள்ளியபடி பாடும். பாடியவற்றுக்கு உடனே கால்வளையம் போடுங்கள், மறுநாளைக்கு என்று விட்டால் எது எது என்று மறுபடி தெரியாது. பாடாதது பெண் என்று ஒரே சோதனையில் முடிவு செய்யாதீர்கள். இரண்டு மூன்று வாரம் விட்டுத் திரும்பச் செய்யுங்கள். இறகுதிர்ப்பின்போது ஆணும் வாயடைத்துவிடும் என்பதால் அந்தக் காலச் சோதனை வீண்.

கேனரியில் நிறத்தைப் பார்ப்பதில் பயன் குறைவு. சிவப்பு வகையில் சிவப்பு தீனியால் ஏற்றப்படுவது, இருபாலும் ஏற்கும். மொசைக் வகையில் மட்டும் ஆணுக்கு முகம் முழுக்க நிறமுகமூடி, பெண்ணுக்குக் கண்ணோரம் மெல்லிய கோடு. இனப்பெருக்கக் காலத்தில் புழையைப் பார்ப்பதும் உதவும்: ஆணுக்கு முளை போல நீண்டிருக்கும், பெண்ணுக்கு வயிற்றோடு படிந்திருக்கும். முட்டையின் வடிவத்தைப் பார்த்துக் குஞ்சின் பாலைச் சொல்வது வெறும் கட்டுக்கதை.

இறுதிச் சான்று: மரபணு

பறவையில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு இசட் ஒன்றும் டபிள்யூ ஒன்றும். சிஎச்டி என்ற மரபணு இரண்டிலும் சற்று வேறுபட்ட நீளத்தில் இருப்பதால், மரபணுத் துண்டைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையில் ஆணுக்கு ஒரு பட்டையும் பெண்ணுக்கு இரண்டு பட்டைகளும் விழும். வயதோ பருவமோ இதில் குறுக்கிடாது. பாட்டும் உடையும் கைவிட்ட இடத்தில் இதுவே விடை. அபூர்வமாக இதுவும் திணறும் பறவை உண்டு: 2003இல் விவரிக்கப்பட்ட ஒரு ஜீப்ரா ஃபின்ச் வலப்பாதி ஆண் உடையிலும் இடப்பாதி பெண் உடையிலும் இருந்தது, ஆண் போலப் பாடவும் செய்தது. அத்தகைய பறவையில் எந்தப் பக்கத்திலிருந்து மாதிரி எடுத்தோம் என்பதைப் பொறுத்து விடை மாறலாம்.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலான சோதனைகள் கெடுகின்றன. கூண்டுத் தரையில் உதிர்ந்து கிடக்கும் இறகு வேண்டாம். அதில் மரபணு குறைவு, அடுத்த பறவையின் எச்சமும் ஒட்டியிருக்கும். மார்பிலிருந்து மூன்று நான்கு சிறு இறகுகளை அடிக்குருத்தோடு பிடுங்குங்கள். குருத்தைக் கையால் தொடாமல், உலர்ந்த காகித உறையில் இடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஒரு பறவைக்கு ஓர் உறை, மேலே கால்வளைய எண். அடுத்த பறவையைத் தொடுமுன் கையுறையையோ இடுக்கியையோ மாற்றுங்கள். ஆய்வகம் எத்தனை இறகு, எப்படி அனுப்ப வேண்டும் என்று தனியாகக் கேட்டால் அதையே பின்பற்றுங்கள்.